ஓவர்: தலை மேலும் தலைக்கு மேலும்

ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடையில் முறுக்கும் ஓமப்பொடியும் காரக்கடலையும் வாங்க வருகிறவர், ஒரு கடலையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு "காரம் ஓவரா இருக்கே அண்ணே" என்பார். தொழிற்சாலைக்குப் போன பையன் இன்னும் வரவில்லையா என்று கேட்டால் "ஓவர்டைம்" என்று பதில் வரும். நெடுஞ்சாலையில் லாரியை முந்துகிறவன் "ஓவர்டேக்" பண்ணுகிறான். அடுக்குமாடிக் காவலாளி வாக்கிடாக்கியில் சேதியைச் சொல்லிவிட்டு "ஓவர்" என்று பொத்தானை விடுகிறார். கடலையில் அது அளவு மீறிய காரம், தொழிற்சாலையில் வேலை நேரம் தாண்டிய நேரம், சாலையில் முந்திப் போவது, வாக்கிடாக்கியில் "நான் பேசி முடித்தேன், இனி உன் முறை."

ஆங்கில இலக்கணம் இதை முன்னிடைச்சொல் என்கிறது. பெயருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயருக்கும் மற்றதற்கும் உள்ள உறவைக் காட்டும் சிறு சொல். தமிழில் இந்த வேலையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபுகளும் மேல், கீழ், முன், பின் போன்ற சொற்களும் செய்கின்றன. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குரிய இடச்சொற்களை அடுக்கும்போது மேல் என்பதையும் அந்த வரிசையில் வைக்கிறது. ஆக, இடம் மாறி நிற்பது பெரிய சிக்கல் இல்லை. ஓவர் என்றால் மேல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பிள்ளை, அடுத்த பத்தியிலேயே மேல் என்று சொல்லவே முடியாத ஓவரைச் சந்திக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலம் இந்தச் சொல்லை எங்கெல்லாம் போடுகிறது என்று தமிழ் வாக்கியத்துக்குள் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மேசைக்கு ஓவர் விளக்கு தொங்கும். சுவருக்கு ஓவர் பூனை தாவும். மேசைக்கு ஓவர் துணி விரிப்பார்கள். நிலத்துக்கு ஓவர் அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு கிளாஸ் தேநீருக்கு ஓவர் சமாதானம் பேசுவார்கள். சேதி போனுக்கு ஓவர் வரும். காற்றில் மரம் ஓவர் விழும். புத்தகத்தின் பக்கத்தை ஓவர் திருப்புவார்கள். தப்பாகப் போன கணக்கை ஓவர் தொடங்குவார்கள். கூட்டம் எட்டு மணிக்கு ஓவர் ஆகும்.

இவற்றையே தமிழில் சொன்னால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் பிரிந்து போகிறது. மேசைக்கு மேல் விளக்கு, சுவரைத் தாண்டிப் பூனை, மேசை மேல் விரிப்பு, நிலத்துக்காகச் சண்டை, தேநீர் குடித்துக்கொண்டே பேச்சு, போனில் சேதி, மரம் சாய்ந்து விழும், பக்கத்தைப் புரட்டுவார்கள், கணக்கை மறுபடி போடுவார்கள், கூட்டம் முடியும். பத்து ஓவரில் மேல் என்ற சொல்லுக்கு வேலை இரண்டே இடத்தில். மற்ற இடங்களில் வேற்றுமை உருபு, வினையெச்சம், தனி வினை, வினையடை என்று தமிழ் தன் பல உறுப்புகளைக் கொண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் ஆங்கிலத்துக்காரர் மனத்தில் ஓவர் ஒரே சொல்லா, அல்லது தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்த பல சொற்களா?

மொழியியலில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறே உண்டு. 1981இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளாடியா புருக்மன் முதுகலை ஆய்வேட்டை இந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதினார். அவருடைய ஆசிரியர் வட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லேக்காஃப், 1987இல் வந்த தம் பெரிய நூலில் அந்த ஆய்வை விரித்து ஓர் அத்தியாயம் ஆக்கினார். இருவரும் சொன்னது இது: ஓவரின் பொருள்கள் சிதறிக் கிடப்பவை அல்ல. ஒரு நடுப்பொருள் இருக்கிறது. மற்றவை அதிலிருந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிளைக்கின்றன. ஒரு பொருளின் மேலாகக் கடந்து போவதுதான் அந்த நடுப்பொருள். கடந்து முடித்தால் மறுபக்கம் வருகிறது. மறுபக்கம் சேர்ந்தால் பயணம் முடிகிறது. அதனால் கூட்டம் முடிந்தாலும் ஓவர். மேலாகக் கடப்பது பரப்பை மூடினால் துணி விரிப்பது வருகிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை ஆள்கிறான் என்பதிலிருந்து அதிகாரம் வருகிறது.

அழகான விளக்கம்தான். ஆனால் லேக்காஃபின் வரைபடம் நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டே போனது. சுவர் உயரமா, தட்டையான வயலா, கடக்கிறவன் காலால் தொட்டானா, தொடாமல் பறந்தானா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பொருள் தேவைப்பட்டது. 2001இல் ஆண்ட்ரியா டைலரும் விவியன் எவான்ஸும் இதை மறுத்து எழுதினார்கள். பூனை சுவரைத் தாண்டும்போது வளைந்து எழும்பி இறங்குகிறது என்பது ஓவர் சொல்லும் சேதியா? இல்லை, தாவும் என்ற வினை சொல்வது. பூனையையும் சுவரையும் தெரிந்த நம் அறிவு சொல்வது. அதைக் கொண்டுபோய் ஓவரின் தலையில் கட்டக் கூடாது என்றார்கள். ஒன்று இன்னொன்றுக்கு மேலே, ஆனால் எட்டும் தூரத்துக்குள் இருக்கும் ஒரு மூலக்காட்சி. அதிலிருந்து பதினான்கு பொருள்கள். அவர்கள் கணக்கு அவ்வளவோடு நின்றது. எட்டும் தூரம் என்ற அந்த நிபந்தனைதான் ஓவரை, வெறும் உயரத்தைச் சொல்லும் அபவ் என்ற சொல்லிலிருந்து பிரிக்கிறது.

இதற்கு இடையிலேயே, 1995இல், டொமினிக் சாண்ட்ராவும் சாலி ரைஸும் ஒரு குறும்பான கேள்வியைக் கேட்டிருந்தார்கள். இந்த வலைப்பின்னல் எல்லாம் பேசுகிறவர் மூளையில் இருக்கிறதா, மொழியியலாளர் மூளையில் இருக்கிறதா? அந்த வழக்கு இன்றும் முழுதாகத் தீரவில்லை.

வரைபடச் சண்டையைவிடச் சோதனைக்கூடச் சேதி ஒன்று எளிதில் பிடிபடுகிறது. கென்னி கோவென்ட்ரியும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட சோதனையில், குடை பிடித்த மனிதனின் படங்களைக் காட்டினார்கள். சில படங்களில் குடை நேர் மேலே, சிலவற்றில் சாய்ந்து. சிலவற்றில் மழை குடையில் விழுகிறது, சிலவற்றில் ஆளை நனைக்கிறது. குடை அவனுக்கு ஓவர் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள, குடை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைவிட அது மழையைத் தடுக்கிறதா என்பது மக்களுக்கு முக்கியமாகப் பட்டது. அபவ் என்ற சொல்லுக்கோ கோணம்தான் முக்கியம். ஈப்போவில் பிற்பகல் இடிமழையில் குடையைச் சாய்த்துப் பிடித்து நடக்கிறவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். காற்றடிக்கும் பக்கம் சாய்ந்த குடைதான் வேலை செய்கிற குடை.

இனி மேல் என்ற நம் சொல்லுக்கு வரலாம். ஓவருக்கு இளைத்த சொல் இல்லை அது. மாடி மேல், மேல் அதிகாரி, மேற்படிப்பு, மேல்முறையீடு, "மேலே சொல்லு", "இதுக்கு மேல முடியாது", "அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று அது எட்டாத இடமில்லை. உடம்பையே மேல் என்கிறோம்; மேல் வலிக்கிறது, மேலுக்கு முடியவில்லை. திசையும் அதுதான்: மேற்கு. தமிழ்நாட்டில் தரை மேற்கே மலையை நோக்கி உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. உயர்ந்த பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு என்று கால்டுவெல் 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தில் விளக்கினார். மலை கிழக்கே நிற்கும் கேரளத்திலும் கிழக்கு என்ற சொல் அப்படியே இருப்பதை அவர் சான்றாகக் காட்டினார். மேற்குக்கு மட்டும் மலையாளம் சூரியன் படியும் பக்கம் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது.

இத்தனை பொருளையும் மேல் எப்படிப் பிரித்து வைக்கிறது என்பதைப் புந்தோங்கிலேயே பார்க்கலாம். தைப்பூசத்தன்று சுங்கை பாரி மகாமாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் பக்தர்கள் நடக்கிறார்கள். பால்குடம் எடுத்தவரின் குடம் தலை மேல் இருக்கிறது. காவடி எடுத்தவருக்குக் காவடி தோள் மேல் இருக்கிறது. அதன் வளைவு தலைக்கு மேல் நிற்கிறது. குடம் தலையைத் தொடுகிறது, அங்கே "தலை மேல்". வளைவு தொடவில்லை, இடைவெளி இருக்கிறது, அங்கே "தலைக்கு மேல்". ஆங்கிலம் முதலாவதற்கு ஆன் என்றும் இரண்டாவதற்கு ஓவர் அல்லது அபவ் என்றும் சொல்லை மாற்றுகிறது. தமிழ் சொல்லை மாற்றாமல் நடுவில் "க்கு" என்ற உருபைச் செருகுகிறது.

இந்தச் சின்ன "க்கு" இடத்தோடு நிற்கவில்லை. எல்லை ஒன்றை வைத்து அதைத் தாண்டுவதாகச் சொல்லும் எல்லாப் பொருளிலும் அது வருகிறது: நூறு பேருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு மேல், இதற்கு மேல் பொறுக்க முடியாது, அவருக்கு மேல் ஒருவர் இருக்கிறார். ஒன்று போய் இன்னொன்றின் மீது படிவதாகச் சொல்லும் இடங்களில் வருவதில்லை: அவன் மேல் கோபம், பிள்ளை மேல் பாசம், கடன் மேல் கடன், அடி மேல் அடி. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்ற பழமொழியில் இருப்பது எல்லை தாண்டிய மேல். "வேலை தலைக்கு மேல் கிடக்கு" என்று புலம்புகிறவர் சொல்வதும் அதுதான். மீது என்ற சொல்லுக்கு இந்த இரட்டை வேலை இல்லை. அது படிவதை மட்டும் சொல்லும். அவர் மீது வழக்கு உண்டு, "அவருக்கு மீது" என்று ஒன்றும் கிடையாது. பேச்சில் இந்தக் கட்டு சில நேரம் தளரும். "வீட்டு மேல விமானம் போச்சு" என்றால் கூரையை உரசிக்கொண்டு போனதாக யாரும் நினைப்பதில்லை. எழுத்தில் பெரும்பாலும் நிற்கிறது.

ஆகவே மேல் எதற்கு ஒத்துவரும், எங்கே ஒத்துவராது என்பது தெளிவாகிறது. உயரம், எண்ணிக்கை, அதிகாரம், எல்லை மீறல் இவற்றில் "க்கு மேல்" ஓவரோடு தோளோடு தோள் நிற்கும். கடந்து போவதில் நிற்காது. கடப்பதைத் தமிழ் வினையிடம் கொடுத்துவிட்டது: தாண்டி, கடந்து, ஏறி இறங்கி. லெனர்ட் டால்மி உலக மொழிகளை இந்த வகையில் இரண்டாகப் பிரித்தார். ஆங்கிலம், ஜெர்மன் போன்றவை எப்படி நகர்ந்தான் என்பதை வினையில் வைத்து, எந்த வழியில் என்பதைப் பக்கத்துச் சிறு சொல்லிடம் விடுகின்றன. ஸ்பானியம், ஜப்பானியம் போன்றவை வழியை வினைக்குள்ளேயே வைக்கின்றன. இந்த இரண்டாம் வரிசையில் அவர் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். பூனை சுவருக்கு ஓவர் ஓடியது என்று ஆங்கிலம் சொல்ல, பூனை சுவரைத் தாண்டி ஓடியது என்று நாம் சொல்வது இதனால்தான்.

மறுபக்கம் என்ற பொருளிலும் நமக்குச் சொந்தச் சொல் இருக்கிறது. கடலுக்கு ஓவர் உள்ள நாட்டை ஆங்கிலம் ஓவர்சீஸ் என்றால், தோட்டத்துக்கு ஆள் போன காலத்துத் தமிழ் அதை அக்கரைச் சீமை என்றது. புறப்படும் கரையில் நின்று பார்த்தால் மலாயா அக்கரை; இங்கே வந்து மூன்று தலைமுறை ஆனவருக்குத் தமிழ்நாடு அக்கரை. மலாய் மொழியிலும் செபெராங் என்ற சொல் அக்கரையையும் கடப்பதையும் குறிக்கிறது; பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையின் பெயர் செபெராங் பிறை. முந்திப் போவதற்கு மலாய் இன்னொரு வழியைப் பிடித்தது. முந்தக் கூடாது என்ற சாலைப் பலகையில் "டிலாராங் மெமோத்தோங்" என்று இருக்கும். பொத்தோங் என்றால் வெட்டு. ஆங்கிலத்தில் மேலே போய்ப் பிடிப்பது மலாயில் வெட்டிப் போவது, தமிழில் முந்திப் போவது.

தோட்டத்தில் ஓவர் முதலில் பதவியின் பெயராகத்தான் தெரிந்தது. ஓவர்சியர் என்றால் மேலிருந்து பார்ப்பவர். தமிழில் மேற்பார்வையாளர் என்று சொன்னால் துண்டு துண்டாக அதே அமைப்பு வருகிறது. சூப்பர்வைசர் என்பதும் லத்தீனில் இதே இரண்டு துண்டுதான். கிரேக்கத்தில் எபிஸ்கோபோஸ் என்றாலும் மேலிருந்து பார்ப்பவர். ஆங்கிலத்தின் பிஷப் அதிலிருந்து தேய்ந்து வந்தது. தமிழ் விவிலியம் அந்தப் பதவியைக் கண்காணி என்று மொழிபெயர்த்தது. அதே கண்காணிதான் பேச்சில் தேய்ந்து கங்காணி ஆனார். ஓர் ஆலயத்தில் ஆயரைக் குறித்த சொல், ரப்பர்க் காட்டில் ஆள் பிடித்து வந்து வேலை வாங்குகிறவரைக் குறித்தது.

கங்காணியின் மேல் பார்வை வெறும் பார்வை அல்ல. அவர் தம் சொந்த ஊருக்குப் போய் உறவையும் அண்டை அயலையும் கூட்டி வந்தார். அவர்கள் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கிடைத்தது. யார் எழுந்தார், யார் படுத்தார் என்று அவர் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவித்தொகையோடு தொழிலாளர் போவதைத் தடை செய்ததும் கங்காணி முறை ஓய்ந்தது. மண்டோர், கிராணி, துரை என்ற படிக்கட்டு அதற்குப் பிறகும் நெடுங்காலம் நின்றது. அந்தப் படிக்கட்டில் "எனக்கு மேல் யார்" என்பது அன்றாடக் கேள்வி.

மேலிருந்து பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஓவர்சைட் என்றால் மேற்பார்வை. அதே சொல்லுக்குக் கவனக்குறைவால் விட்டுவிட்டது என்றும் பொருள். அரசு அலுவலகக் கடிதத்தில் ஓவர்சைட் கமிட்டி என்றால் கண்காணிப்புக் குழு. "இது எங்கள் ஓவர்சைட்" என்று எழுதினால் "தவறு எங்களுடையது" என்று அர்த்தம். ஓவர்லுக் என்ற வினையும் அப்படியே. மலை ஊரை ஓவர்லுக் செய்தால் மேலிருந்து பார்க்கிறது. குமாஸ்தா ஒரு வரியை ஓவர்லுக் செய்தால் பார்க்காமல் விட்டுவிட்டார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே காட்சி: பார்வை பொருளின் மேலாகப் போகிறது. எல்லாவற்றின் மேலும் படிந்து போனால் மேற்பார்வை. படியாமல் தாண்டிப் போனால் தவறவிடுதல். தமிழின் மேற்பார்வையில் இந்த இரண்டாம் பொருள் ஒட்டவில்லை, ஏனென்றால் தாண்டிப் போவது நம் மேலில் இல்லை.

எண்ணிக்கையில் தமிழுக்கு என்றுமே தயக்கம் இருந்ததில்லை. நூறு பேருக்கு மேல் என்றால் யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதில் சண்டை போட்டன. ஓவர் என்பது இடத்துக்குத்தான், எண்ணுக்கு "மோர் தேன்" என்றுதான் எழுத வேண்டும் என்ற விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் ஆசிரியர் வில்லியம் கல்லன் பிரையன்ட் தம் தடைப்பட்டியலில் சேர்த்தார். அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் அந்த விதியைத் தளர்த்தியது 2014இல்தான்.

எண்ணோடு வரும் மேலுக்கு வேறொரு பொறி உண்டு. மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. "18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாக்களிக்கலாம்" என்று எழுதிவிட்டால், சரியாகப் பதினெட்டு முடிந்தவர் உள்ளே வருகிறாரா, வெளியே நிற்கிறாரா? சட்டப்படி அவருக்கு வாக்கு உண்டு. எனவே "18 வயது நிரம்பியவர்கள்" என்பதே பிழையில்லாத எழுத்து. ஆங்கிலத்தில் ஓவர் எயிட்டீன் என்பதிலும் இதே மயக்கம் உண்டு.

காலத்தில் ஓவர் சம்பளத்தோடு சேர்ந்து வருகிறது. ஓவர்டைம், அல்லது வாயில் சுருங்கிய ஓட்டி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதை வரையறுக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45ஆகக் குறைந்தது. சாதாரண நாளில் வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 2,080 ரிங்கிட் வாங்குகிறவர் நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தால் கணக்கு இப்படி: 26ஆல் வகுத்தால் நாள் கூலி 80 ரிங்கிட், அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 10 ரிங்கிட். ஓவர்டைம் மணிக்கு 15 ரிங்கிட். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்குச் சட்டத்தின் இந்த உரிமை இல்லை. அது வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரு மாதத்தில் 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அதாவது ஓவருக்கும் ஒரு மேல் எல்லை. மலாயில் இதற்கு லெபே மாசா, மிகை நேரம், என்று பெயர்.

முடிவைக் காட்டும் ஓவர் இரண்டு தொழில்களில் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. வானொலித் தொடர்பில் ஓவர் என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவுட் என்றால் பேச்சே முடிந்தது. சினிமாவில் வரும் "ஓவர் அண்ட் அவுட்" ஒன்றையொன்று மறுக்கிறது. கிரிக்கெட்டில் நடுவர் ஓவர் என்று குரல் கொடுத்தால் பந்துவீச்சு மறுமுனைக்கு மாறும்; அந்தக் குரலே பிறகு பந்துகளின் தொகுதிக்குப் பெயரானது. இங்கிலாந்தில் அது நான்கு பந்தாக இருந்து, 1889இல் ஐந்தாகி, 1900இல் ஆறானது. ஆஸ்திரேலியா எட்டுப் பந்து ஓவரை 1970களின் இறுதிவரை விடவில்லை. பந்துவீச்சு மறுபக்கம் மாறுவதும் ஒரு தொகுதி முடிவதும் இங்கே ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. புருக்மன் வரைந்த கிளைகளில் இரண்டு ஒரே மைதானத்தில் தெரிகின்றன.

கடைசியாக, கடலைக் கடையில் கேட்ட ஓவர். தமிழர் வாயில் மிக அதிகம் புழங்குவது இதுதான். ஆங்கிலத்தில் இப்படித் தனியாகப் புழங்காததும் இதுதான். ஆங்கிலம் மிகையைக் காட்ட ஓவரை வேறொரு சொல்லின் தலையில் ஒட்டுகிறது: ஓவர்லோட், ஓவர்டோஸ், ஓவர்ஆக்டிங். ரப்பர்த் தோட்டத்தில் மரத்தை அளவுக்கு மீறி வெட்டுவதற்கு ஓவர்டேப்பிங் என்று பெயர். அப்படி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். தமிழோ ஒட்டியிருந்த ஓவரைப் பிய்த்தெடுத்து முழுச் சொல்லாக்கி, தன் இலக்கணத்தையும் மாட்டிவிட்டது: ஓவரா பேசாதே, ஓவரான அலங்காரம், ஓவர் பண்றான், ஓவராய்ப் போச்சு. "ரொம்ப ஓவர்லா நீ" என்று மலேசிய வாலையும் சேர்த்துக்கொள்ளும். மலாய் இளைஞர் பேச்சிலும் இதே ஓவர் இதே கேலியோடு வருகிறது. ஆகவே புந்தோங் பையன் மலாய் நண்பனிடம் ஓவர் என்றால் அவனுக்கு உடனே புரிகிறது. ஆங்கிலேயரிடம் "மை ஃபிரெண்ட் இஸ் வெரி ஓவர்" என்றால் அவர் விழிப்பார். தனித்து நிற்கும் ஓவருக்கு அவர் அறிந்த பொருள் முடிந்தது என்பது.

அளவுக்கு மிஞ்சியது என்று சொல்லத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. மிகை, அளவு மீறி, கூடிப்போச்சு என்று எத்தனையோ உண்டு. ஓவரில் அவற்றில் இல்லாத ஒன்று இருக்கிறது. அது அளவை மட்டும் சொல்லாமல் ஆளையும் எடைபோடுகிறது. உப்பு கூடிப்போனால் சமையல் தப்பு. பேச்சு ஓவரானால் பேசியவன் தப்பு.

இந்தக் கண்டிப்பான ஓவருக்கு நம்மிடையே மூன்று உறவுகள் இருக்கின்றன. பழைய ஆங்கிலத்தின் ஓஃபெர், ஜெர்மானிய ஊபர், லத்தீன் சூப்பர், கிரேக்க ஹூப்பெர், சமஸ்கிருத உபரி எல்லாம் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் பிறந்தவை. அணையில் திறந்துவிடும் உபரி நீரும், ஹைப்பர்மார்க்கெட்டும், "சூப்பர்" என்ற பாராட்டும், "ஓவர்" என்ற கண்டனமும் அக்கா தங்கைகள். எல்லை தாண்டியது பிடித்திருந்தால் சூப்பர், பிடிக்காவிட்டால் ஓவர். ஊபர் என்ற பெயரில் வந்த வாடகைக் கார் நிறுவனம் 2018 மார்ச்சில் தென்கிழக்காசியத் தொழிலை கிராப்பிடம் கொடுத்துவிட்டுப் போனதால், ஈப்போவில் அந்த ஓர் உறவு மட்டும் இப்போது இல்லை.

வகுப்பறைக்கு இதில் என்ன பயன்? தமிழ்ப்பள்ளியில் தமிழோடும் மலாயோடும் மூன்றாவதாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளை செய்யும் பிழை பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். ஒன்று, மேசை மேல் இருக்கும் புத்தகத்துக்கு ஓவர் போடுவது. அந்தப் பிள்ளையிடம் "க்கு வருமா?" என்று கேட்டாலே போதும். மேசைக்கு மேல் என்று சொல்லத் தோன்றினால் ஓவர் அல்லது அபவ். மேசை மேல் என்றுதான் வருமானால் ஆன். விரிப்பு போல முழுக்க மூடுவது மட்டும் விதிவிலக்கு. தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆங்கிலம் அங்கே ஓவரை அனுமதிக்கிறது. இரண்டாவது, ஓவர் கண்ட இடமெல்லாம் மேல் என்று மொழிபெயர்ப்பது. அதற்கு மருந்து, ஓவரை விட்டுவிட்டுப் பக்கத்து வினையைப் பார்ப்பது. வினை நகர்வைச் சொன்னால் தாண்டி, கடந்து. விழுவதைச் சொன்னால் சாய்ந்து, கவிழ்ந்து. பேச்சையோ சண்டையையோ சொன்னால் பற்றி, க்காக. யோசிப்பதைச் சொன்னால் யோசித்துப் பார். வீட்டுவசதிப் பேச்சுவார்த்தை முடிந்தது என்பதற்கு ஆங்கிலத் தலைப்பு "டாக்ஸ் ஓவர் ஹவுசிங் ஆர் ஓவர்" என்று வரலாம். முதல் ஓவரைப் "பற்றி" என்றும் இரண்டாவதை "முடிந்தது" என்றும் பிரிக்கத் தெரிந்த மாணவருக்கு, மேல் என்ற சொல் அந்த வரியில் எங்குமே தேவைப்படாது.